எழுந்து நிற்கும் வரம்

வெள்ளிக்கிழமை மாலையில் எந்தக் கோயிலின் கொடிமரத்தடியிலும் இக்காட்சியைக் காணலாம். தரிசனம் முடித்து வரும் முதியவர் ஒருவர் கொடிமரத்தின் முன் நிற்கிறார். சந்நிதிக்குள் விழுந்து வணங்குவதில்லை, கொடிமரத்தடியில்தான் வணங்க வேண்டும் என்பது மரபு. ஐம்பது ஆண்டுகளாக அவர் அங்கே விழுந்து வணங்கியவர்தாம். இன்று தரையை ஒரு முறை பார்க்கிறார். பற்றிக்கொள்ளப் பக்கத்தில் ஏதேனும் உண்டா என்று பார்க்கிறார். பிறகு நின்றபடியே கைகூப்பிவிட்டு நகர்கிறார். அவருடைய பக்தி குறைந்துவிடவில்லை. விழுந்து வணங்கினால் எழ முடியுமா என்ற ஐயம் வந்துவிட்டது.

இயலாதவர்கள் மனத்தால் வணங்கினாலே ஆண்டவன் ஏற்றுக்கொள்வான் என்பர் பெரியோர். உண்மையே. ஆயினும் எழ முடியாமை கொடிமரத்தடியோடு நின்றுவிடுவதில்லை. அது வீடு வரை கூடவே வருகிறது. குளியலறைக்கும் படுக்கைக்கும் வருகிறது. சில மாதங்களில் கோயிலுக்கு வரும் வழியையே அடைத்துவிடுகிறது.

சொல்லாமல் மறைத்த வீழ்ச்சி

காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே எழுபத்து நான்கு வயதான மூதாட்டி ஒருவர், ஓர் ஆவணி மாத விடியற்காலையில் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்தார். துளசி மாடத்தைப் பற்றிக்கொண்டு ஒருவாறு எழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. மகனிடமும் மருமகளிடமும் அவர் மூச்சு விடவில்லை.

அன்று முதல் நாள்தோறும் சென்றுவந்த சிவன் கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். கேட்டவர்களிடம் "முழங்கால் வலி" என்றார். மருமகள் நல்லவள். கூடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். காப்பியும் நாளிதழும் நாற்காலிக்கே வந்தன. பூஜைக்குரிய பூக்கூடையும் அங்கேயே வந்தது. அன்பினால் செய்த பணிவிடைகள்தாம் அவை. ஆனால் தை பிறந்தபோது, அந்த நாற்காலியிலிருந்து எழுவதற்கே இரு கைகளையும் ஊன்றி இரண்டு மூன்று முறை முயல வேண்டியதாயிற்று.

எதிர்வீட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியைதான் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். கோயிலின் வசந்த மண்டபத்தில் வாரம் மூன்று நாள் காலை ஆறரை மணிக்கு முதியவர்கள் சுமார் இருபது பேர் கூடினார்கள். முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி. பிறகு பத்து நிமிடம் பேச்சு. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நடத்தினார். மாதம் ஒரு முறை இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து ஒவ்வொருவரையும் பார்த்து, எதைக் கூட்டலாம், எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிச் செல்வார்.

மூதாட்டி சேர்ந்த இரண்டாம் வாரத்தில் அந்த மருத்துவப் பெண் வந்திருந்தாள். பயிற்சி முடிந்து எல்லோரும் அமர்ந்திருந்தபோது, "போன வருஷத்துல யாராவது கீழே விழுந்தீங்களா?" என்று கேட்டாள். ஒரு கையும் உயரவில்லை. சற்று நேரம் கழித்து உடற்கல்வி ஆசிரியரே கையை உயர்த்தினார். "நான் குளியலறையில விழுந்தேன்" என்றார். பிறகு தூண் ஓரம் அமர்ந்திருந்த ஓர் அம்மையாரின் கை உயர்ந்தது. ஒவ்வொன்றாக மேலும் பல கைகள் உயர்ந்தன. நம் மூதாட்டியின் கை கடைசியில் உயர்ந்தது.

"வீட்டுல சொன்னீங்களா பாட்டி?"

"சொன்னா, இனிமே கோயிலுக்கே போக வேண்டாம்னுடுவாங்களேம்மா."

மண்டபமே சிரித்தது. அந்த ஒரே அச்சத்தால் ஒரே பொய்யைத் தத்தம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும். அன்று மாலைதான் மூதாட்டி மகனிடம் உண்மையைச் சொன்னார்.

விழுந்ததை மறைப்பது முதியவர்களிடம் எங்கும் காணப்படும் வழக்கம். அதனால் விளையும் கேட்டை மருத்துவ உலகம் நன்கு அறியும். ஒரு முறை விழுந்தவர் மீண்டும் விழுவோமோ என்று அஞ்சி நடமாட்டத்தைக் குறைக்கிறார். நடமாட்டம் குறையக் கால் தசை மெலிகிறது. தசை மெலியவே மீண்டும் விழும் வாய்ப்பு பெருகுகிறது. எந்த வீழ்ச்சிக்கு அஞ்சினாரோ, அதை அச்சமே அழைத்து வந்துவிடுகிறது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எதிர்பாராத விபத்துகளால் நேரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

தொண்ணூறு வயதிலும் வலிமை

"வயதாகிவிட்டது, இனிமேல் என்ன பயிற்சி?" என்பது பலரின் கேள்வி. இதற்கு 1990-ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த பத்துப் பேருக்குத் தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியை எட்டு வாரம் அளித்தார்கள். அவர்களின் சராசரி வயது தொண்ணூறு. ஒன்பது பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. அதாவது, இருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று.

அதே ஆய்வு வேறோர் உண்மையையும் காட்டிற்று. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், பெற்ற வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. தசை என்பது நிரந்தர வைப்பு நிதி அன்று. போட்டுக்கொண்டே இருந்தால்தான் கணக்கில் இருக்கும்.

1994-இல் அக்குழுவினர் நூறு முதியவர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வை நடத்தினர். சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்துபானம் மட்டும், சிலருக்கு இரண்டும் அளிக்கப்பட்டன. பயிற்சி பெற்றவர்கள் வலிமை அடைந்தனர். சத்துபானம் மட்டும் பருகியவர்களின் தளர்ச்சி நீங்கவில்லை. பெற்றோருக்கு மாதந்தோறும் விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்களை வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இதை அறிதல் நலம். டப்பாவோடு பெற்றோரைப் பயிற்சிக்கும் அனுப்ப வேண்டும்.

கோயில் கேட்கும் கால்கள்

"நாள்தோறும் நடக்கிறேனே, போதாதா?" என்பது அடுத்த கேள்வி. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, விடவே கூடாது. ஆனால் கீழே விழாமல் காப்பதற்கு நடை மட்டும் போதும் என்று ஆய்வுகள் கூறவில்லை. 25 நாடுகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த 108 ஆய்வுகளைத் திரட்டி, 2019-இல் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு வெளியாயிற்று. உடற்பயிற்சி செய்தவர்களிடம் கீழே விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன என்று அது கண்டது. அப்பயன் முதன்மையாகச் சமநிலைப் பயிற்சிகளாலும், உட்கார்ந்து எழுதல் போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிகளாலும் கிடைத்தது. முதியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வலியுறுத்தியது.

அப்பயிற்சிகள் நமக்குப் புதியவை அல்ல. ஒரு கோயில் தரிசனத்தில் உடல் என்னென்ன செய்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடுகிறோம். திருமாலின் சக்கரத்தை விழுங்கிவிட்ட பிள்ளையாரைச் சிரிக்க வைக்க, மாமனான திருமாலே காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார் என்பது அதன் கதை. தொடையும் இடுப்பும் வலுப்பெற இதை விடச் சிறந்த அசைவு இல்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு முழுத் தோப்புக்கரணம் ஆகாது. ஆகவே வசந்த மண்டபத்தில் நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல மீண்டும் அமர்கிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் "நாற்காலித் தோப்புக்கரணம்".

கருங்கல் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுகிறோம். அந்த ஒரு கணம் உடலின் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கிறது. அதற்கான பயிற்சி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சற்றே உயர்த்திப் பத்து எண்ணும் வரை நிற்பது.

நேர்த்திக்கடனாகப் பெண்கள் அடிப்பிரதட்சிணம் செய்வார்கள். ஒரு பாதத்தின் விரல் நுனியில் மறு பாதத்தின் குதிகாலை வைத்து, அடியடியாக வலம் வருவது அது. இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் சமநிலைக்காகக் கற்றுத்தரும் நடை இதுவேதான். சுவரையோ தோழியின் கையையோ பற்றிக்கொண்டு பத்து அடி நடந்தால் போதும்.

சுவாமிமலையில் அறுபது படிகள். திருச்சி உச்சிப்பிள்ளையாருக்கு நானூற்றுக்கும் மேல். அவற்றை ஏறக் கெண்டைக்காலும் தொடையும் வேண்டும். குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவதும் அதற்கான பயிற்சிகள். கோபுர தரிசனத்துக்கு அண்ணாந்து பார்க்கும்போது சிலருக்குத் தலை சுற்றும். அவர்கள் நின்று, எதையேனும் பற்றிக்கொண்டு, மெதுவாகத் தலையை உயர்த்திப் பழக வேண்டும்.

கூடிச் செய்வதன் பெருமை

இவற்றை வீட்டில் தனியாகவும் செய்யலாம், பயன் உண்டு. ஆனால் தனியாகத் தொடங்குபவர்களில் பலர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நான்கு வாரத்தில் என்ன ஆகும் என்பதை முன்னரே கண்டோம். கூட்டத்தின் பெருமை இங்கேதான் விளங்குகிறது.

ஜப்பானில் 1928-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வானொலியில் ஓர் உடற்பயிற்சி நிகழ்ச்சி தொடங்கியது. அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று வானொலி வழியே பயிற்சி அளித்துவந்ததைக் கண்டு, ஜப்பானிய அஞ்சல் துறையின் காப்பீட்டுப் பிரிவு முன்னின்று உருவாக்கிய திட்டம் அது. காப்பீடு செய்தவர் நலமாக நெடுநாள் வாழ்ந்தால் காப்பீட்டாளருக்கும் இலாபந்தானே! போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்றிருந்து, 1951-இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது. பதின்மூன்று அசைவுகள், சுமார் மூன்று நிமிடம், பியானோ இசைக்கு ஏற்பச் செய்ய வேண்டும். இன்றும் காலை ஆறரை மணிக்கு வானொலி ஒலிக்கும்போது, பூங்காக்களிலும் ஆலய வளாகங்களிலும் முதியவர்கள் வரிசையாக நின்று இதைச் செய்கிறார்கள். நிற்க இயலாதவர்கள் அமர்ந்தபடியே செய்வதற்கும் ஏற்ற மற்றொரு பயிற்சி 1999-இல் சேர்க்கப்பட்டது.

மூன்று நிமிட அசைவு தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்குக் காரணம், நேரமும் இடமும் மாறாமல் இருப்பதும், பக்கத்தில் ஒருவர் நிற்பதுமே. நம் பஜனை மடங்களும் திருவாசக முற்றோதல் குழுக்களும் நிலைத்திருப்பது அதே காரணத்தால்தான். இன்று வராவிட்டால் நாளை ஒருவர் வாசலில் வந்து "ஏன் வரவில்லை?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எந்த மருந்துச் சீட்டிலும் இல்லாதது.

பத்து நிமிடப் பேச்சு

பயிற்சிக்குப் பின் நடக்கும் பத்து நிமிடப் பேச்சும் பயிற்சிக்கு இணையானது. வசந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றுள் சில:

இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. எழுந்து, படுக்கை ஓரத்தில் இரண்டு நிமிடம் அமர்ந்து, பிறகே நிற்க வேண்டும். இரவில் குளியலறை செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ஏகாதசி உபவாசத்துக்கு முன்பே மருத்துவரிடம் கலந்து பேசுதல் இன்றியமையாதது. வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு உணவை மட்டும் விட்டால், சர்க்கரை அளவு சரிந்து மயங்கி விழ நேரிடும். உடல்நலம் குன்றியவர்கள் உபவாசத்தைத் தளர்த்திக்கொள்ள நம் மரபிலேயே இடமுண்டு.

கோயிலில் வழுக்கும் இடங்கள் மூன்று: அபிஷேக நீர் வழியும் கோமுகியின் அருகு, தீப எண்ணெய் சிந்திய கல்தரை, மார்கழிப் பனியில் நனைந்த படிகள். இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு இறங்கும் படி மங்கலாகத் தெரியும், கைப்பிடியை விடலாகாது. புடவைக் கரையும் வேட்டி நுனியும் தரையைத் தொடாமல் இருக்கட்டும்.

ரசம் சாதமும் மோர் சாதமும் மட்டும் உண்டால் தசை வளராது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். பருப்பு, சுண்டல், பால், தயிர் ஆகியவற்றை மூன்று வேளையிலும் பகிர்ந்து உண்ண வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்றட்டும்.

கீழே விழுந்தால் பதறி எழக் கூடாது. கடும் வலி இல்லை என்று தெரிந்த பிறகு ஒருக்களித்துத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து, அதன் இருக்கையில் கைகளை வைத்து, ஒரு பாதத்தை முன்னே ஊன்றி எழ வேண்டும். எழ முடியாவிட்டால் குரல் கொடுத்து உதவி கேட்க வேண்டும். எழ முடிந்தாலும், விழுந்ததை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

தொடங்கும் வழி

ஐந்தாறு பேர் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம். கோயில் நிர்வாகத்தின் அனுமதியுடன் வழிபாட்டுக்கு இடையூறில்லாத மண்டபமோ, அருகிலுள்ள திருமண மண்டபமோ, பள்ளிக் கூடமோ போதும். நகராத, முதுகு உள்ள நாற்காலிகள், சமதளமான உலர்ந்த தரை, குடிநீர் ஆகியவை இருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், எலும்புத் தேய்மானம் மிகுந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச் சுற்றல் தோன்றினால் அக்கணமே நிறுத்த வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் வழியுண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

தம் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியைச் சுவரோடு சார்த்தி வைத்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதும் எழுந்து அமர முடிகிறது என்று எண்ண வேண்டும். பக்கத்தில் ஒருவர் துணை நிற்கட்டும். எழுபது முதல் எழுபத்து நான்கு வயது வரையுள்ள ஆண்கள் பன்னிரண்டுக்கும், பெண்கள் பத்துக்கும் குறைவாக எழுந்தால் கால்களுக்குப் பயிற்சி தேவை என்று பொருள். மூதாட்டியால் தை மாதத்தில் கை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை. சித்திரையில் நான்கு முறை எழுந்தார். ஆடி பிறந்தபோது ஒன்பது முறை. பத்துக்கு இன்னும் ஒன்று குறைவு.

ஆடி மாத மூன்றாம் வெள்ளியன்று அவர் மருமகளோடு கோயிலுக்குச் சென்றார். நிலைப்படியைத் தாண்டினார், அம்பாளைத் தரிசித்தார், கொடிமரத்தடிக்கு வந்தார். தரையைப் பார்த்தார். ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு மற்றதை, கைகளை ஊன்றி நெற்றியைக் கல்லில் பதித்தார். அப்படியே சற்று நேரம் இருந்தார்.

அவர் தலை நிமிர்ந்ததும் மருமகள் குனிந்து கையை நீட்டினாள். மூதாட்டி தலையசைக்கவே, நீட்டிய கை பாதியில் நின்றது. ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, தொடையில் கை வைத்து, மெல்ல, மிக மெல்ல அவர் தாமே எழுந்து நின்றார்.